இரண்டு மெயோவுக்கு ஒரே வரி

எனக்குக் கணக்கு வராது. ஆனால் பதினோராம் இடம் என்றால் என்னவென்று தெரியும். அசுவா பேஸ்பால் லீக்கின் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் என் கணவர் ரொசெந்தோ பதினோராவதாக இருந்தார். ஊர் கூப்பிடுகிறபடியே பெயர் 'மெயோ', சராசரி 281. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் அத்தனை ஹிட் என்று அர்த்தமாம். குளிர்கால அணிப் பயிற்சிக்கு, இந்த லீக்கில் முந்நூறைத் தாண்டிய நான்கு பேரைத்தான் கூப்பிடப் போகிறார்கள்.

ஞாயிறுகளில் சலூனில் மற்றவர்களுக்குத் தலைமுடி நேராக்கிக்கொண்டிருப்பேன். ஆட்டம் பார்க்க வழியில்லை. ஆனால் தெருவே வந்து சொல்லும்: "இன்னிக்கு மெயோ மூணு ஹிட்!" ரொசெந்தோ தலையாட்டுவார். நான் கோழி பொரிப்பேன். வாராவாரம் மூன்று ஹிட் அடிக்கிறவனுக்கு 281 எப்படி வரும்?

"விடு தமாரிஸ், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

இப்படிப் பயந்து பயந்துதான் முப்பது வயதை நெருங்கிவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்கோர் எழுதும் தோன் எலிகியோவின் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன்.

"மத்தவங்க எல்லாம் நூறு, நூத்திப் பத்து தடவ மட்ட பிடிச்சிருக்காங்க. இவர் மட்டும் எரநூத்தி இருபத்தி நாலா? இவர் என்ன ரெண்டு ஆளா?"

தோன் எலிகியோ கண்ணாடியைத் துடைத்தார். "ஆமா மகளே, ரெண்டு ஆளுதான். இரட்டப் புள்ளைங்க. ஊருல இரட்டையில யாரக் கூப்பிட்டாலும் மெயோதானே? நானும் ரெண்டு பேரையும் மெயோன்னே எழுதிட்டேன். கடைசியில ஒண்ணாக் கூட்டிட்டேன் போல."

ஒரு சீசன் முழுக்க! என் கொழுந்தன் சில்வேரியோவின் சோம்பேறி மட்டையையும் என் புருஷன் தலையில் கட்டியிருக்கிறார் இந்த மனுஷன். கடையில் இருந்த ஆணியெல்லாம் அதிரும்படி கத்தினேன். ரொசெந்தோ பெயின்ட் டப்பாக்களை எண்ணுவது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கத்தாத மகளே. நோட்டுல பேருக்குப் பக்கத்துல ஆடுற இடத்தோட நம்பர் இருக்கு. கேட்சருக்கு ரெண்டு, மூணாம் பேஸுக்கு அஞ்சு. பிரிச்சுடலாம்."

முக்கால் மணி நேரம் பிரித்தார். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கோட்டையும் பார்த்தேன்.

"ஒரு மெயோவுக்கு முந்நூத்தி அறுபத்தி ஆறு. லீக்குலயே ரெண்டாவது!"

"நான் சொல்லல?" என்று மேஜையைத் தட்டினேன்.

"இது அஞ்சாம் நம்பர் மகளே. ரெண்டாம் நம்பருக்கு நூத்தித் தொண்ணூத்தி ஆறு. கடைசியிலேருந்து மூணாவது."

கேட்சர் முகமூடியை வாராவாரம் சோப்புப் போட்டுக் கழுவுகிறவள் நான்தான்.

"யோவ், ஊரே மூணு ஹிட்னு சொல்லுச்சே?"

"ஊரு சொன்னது நெசம்தானே. மெயோதான் அடிச்சான்." ரொசெந்தோவின் குரல் கீழே போனது. "நீ அவ்வளவு சந்தோஷமா கோழி பொரிச்சே. என்னன்னு சொல்றது?"

எத்தனை கோழி! சலூனில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்!

தோன் எலிகியோ பேனாவை மூடினார். "பழைய பட்டியலே இருந்துட்டுப் போகட்டுமா? வேற யாரும் இன்னும் கேக்கல."

ரொசெந்தோ என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியும். நான் ஆமாம் என்று சொல்லக்கூடியவள்தான். ஒரு நிமிடம் அது நாக்கின் நுனி வரை வந்தது.

"முழுப் பேரா எழுதுங்க," என்றேன். "சில்வேரியோ உப்ரி. இனி மெயோ கியோன்னு எழுதினீங்கன்னா நோட்டக் கிழிச்சுடுவேன்."

ரொசெந்தோ கடை வாசலுக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டார். பேசும்போது இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டு பின்னால் போய் நின்றேன்.

"என் மட்டையையும் எடுத்துட்டுப் போடா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல மட்ட. பந்தே படல, புத்தம் புதுசா இருக்கு."