பச்சை கேட், நாய்க்குப் பயப்பட வேண்டாம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினாறாம் தேதி காலை பத்தரை மணியோடு மனித குலத்தில் பொய் ஒழிந்துவிட்டது. ஒழித்தவர் ஜெரோம். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் ஐந்து கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்.

அந்த நேரத்தில்தான் அவர் இன்டர்நெட்டில் ‘கோவை ஆலோசனை மன்றம்’ தொடங்கினார். யாரும் எதையும் கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம். விதி ஒன்றுதான்: சொந்தப் பெயரும் கம்பெனிப் பெயரும் போடக்கூடாது. பெயர் இல்லாவிட்டால் மனிதன் உண்மை பேசுவான் என்பது ஜெரோமின் கண்டுபிடிப்பு. முதல் வாரம் வந்த எழுபது கேள்விகளில் நாற்பது, “நீங்க எந்தப் பக்கம்ங்க?” என்று ஊரையும் உறவையும் விசாரிப்பதாக இருந்தது. அதற்கும் ஒரு தடை விதி எழுதி ஒட்டினார்.

மன்றத்தின் தூண் என்று சொல்லத்தக்கவர் ‘உண்மைவிளம்பி-2’. ஒன்றாம் நம்பரை வேறு யாரோ முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். மாமியார் தொல்லையா, மாப்பிள்ளைக்குச் சொட்டையா, பங்காளித் தகராறா, எல்லாவற்றுக்கும் அவர் மருந்து ஒன்றே: முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் பீளமேட்டில் மோட்டார் பம்பு கம்பெனி நடத்தும் திருமலைசாமி. தன் முகத்துக்கு நேராக யாரும் உண்மையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவள் இளவேனில். கருமத்தம்பட்டியில் அவள் அப்பா மாசாணம் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தை மூடியதிலிருந்து, வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால்தான்.

பம்பு உற்பத்தியாளர் சங்க வெள்ளி விழாவுக்குத் திருமலைசாமி ஒரு பேச்சுத் தயாரித்திருந்தார். தலைப்பு, ‘இருபத்தோராம் நூற்றாண்டும் நானும்’. இருபத்திரண்டு பக்கம். நின்று நிதானமாகப் படித்தால் ஒரு மணி பத்து நிமிடம்.

“டைப் அடிச்சு முடிச்சுட்டயா கண்ணு? திங்கக்கிழமை உன்ற அபிப்பிராயத்தைச் சொல்லோணும். மனசுல பட்டதை மறைக்கப்படாது” என்றார்.

போன வருடத்துப் பேச்சைப் பற்றி இதே கேள்விக்குச் சித்திகா என்ற பெண், “கொஞ்சம் நீளமுங்க சார்” என்று சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இப்போது இளவேனில் உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெரோமின் சென்டரில் ‘பனித்துளி’ என்ற பெயரில் அவள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்: “என் முதலாளி எழுதிய மேடைப் பேச்சு மகா மோசம். அபிப்பிராயம் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பொய் சொன்னால் முந்நூறு பேர் அதைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். என்ன செய்யட்டும்?”

திருமலைசாமி அதை ஆபீஸ் அறையில் படித்துவிட்டுத் துள்ளி உட்கார்ந்தார். மகா மோசமான பேச்சு எழுதும் முதலாளி என்றால் அது அவருடைய போட்டிக் கம்பெனி அப்புசாமியாகத்தான் இருக்க வேண்டும். அதில் அவருக்குத் துளிச் சந்தேகம் இல்லை. அப்புசாமியின் மூக்கை அவனுடைய டைப்பிஸ்டை வைத்தே உடைக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒரே விரலால் முக்கால் மணி நேரம் பதில் அடித்தார்.

சனிக்கிழமை இளவேனில் அதைப் படித்தாள்.

“பயப்படாமச் சொல்லுங்க அம்மணி. உண்மையைத் தாங்காதவன் முதலாளியே இல்லைங்க. வேலையை விட்டு நிறுத்துனா நம்மகிட்ட வாங்க, அன்னைக்கே வேலை போட்டுத் தாரேன். இது வாக்கு.”

இதோடு நிறுத்தியிருந்தால் மன்றத்தின் விதி பிழைத்திருக்கும். ஆனால் கொங்கு நாட்டு மனிதன் ஒருவரைத் திட்டி அனுப்பினாலும் வீட்டுக்கு அழைக்காமல் அனுப்ப மாட்டான். அழைத்தால் வழி சொல்லாமல் விடமாட்டான்.

“பீளமேட்டுல எறங்கி, பிள்ளையார் கோயில் சந்துல மூணாவது. பச்சை கேட்டுங்க. நாய் கட்டியிருக்கும், பயப்பட வேண்டாம், ராக்கெட்டுன்னு கூப்பிட்டா வாலாட்டும். காப்பி குடிச்சுட்டுத்தான் போவோணும்.”

கம்பெனி வாசலில் கட்டியிருக்கும் ராக்கெட்டுக்குத் தினமும் காலையில் பிஸ்கட் போடுபவள் இளவேனில். ஜெரோமிடம் திரும்பி, “இதை பிரிண்ட் எடுத்துக் குடுங்கண்ணா” என்றாள்.

“என்ன அம்மணி, சிரிக்கறீங்க?”

“வேலைக்கு ஆர்டர் வந்துருக்குதுங்க.”

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் திருமலைசாமி கூப்பிட்டார். பேச்சின் இருபத்திரண்டு பக்கமும் மேஜை மேல் இருந்தது.

“சொல்லு கண்ணு. எப்படி?”

“பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் நீங்க இன்னும் பொறக்கவே இல்லைங்க சார்.”

“என்னது?”

“உங்க தாத்தாவே நாலு பக்கம் வண்டி ஓட்டறாருங்க. பம்பு பதினாறாம் பக்கத்துலதான் வருது. அதுக்குள்ள பந்தியில சாம்பார் தீர்ந்துபோகுமுங்க.”

திருமலைசாமியின் காது சிவந்தது. “ஆருகிட்டப் பேசறேன்னு தெரியுதா? நாளையிலிருந்து வராதே. போ!”

இளவேனில் போகவில்லை. மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, பேச்சின் மேல் வைத்தாள்.

“சரிங்க சார். வேற ஒருத்தர் வேலை தாரேன்னு வாக்குக் குடுத்துருக்காருங்க. இந்த அட்ரஸ்ங்க. வழி சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். ஜன்னல் வழியே பச்சை கேட்டைப் பார்த்தார். ராக்கெட் படுத்திருந்தது.

“இந்த ஆளு ஆருன்னு தெரியுமா அம்மணி?” குரல் இறங்கியிருந்தது.

“பேர் போடலைங்களே சார். ஆனா வாக்கு மாறமாட்டாராட்டத் தெரியுது.”

“எழுத்தைப் பாத்தா நல்ல மனுசனாட்டத்தான் இருக்குது” என்று ஒப்புக்கொண்டார் திருமலைசாமி. பிறகு வெளியே பார்த்து, “ஏனுங்க, இங்க ரெண்டு காப்பி!” என்று குரல் கொடுத்தார்.

பதினொன்றே காலுக்கு இளவேனில் அதே கம்பெனியில், அதே நாற்காலியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி தன் கையாலேயே சிவப்புப் பென்சில் எடுத்து முதல் பன்னிரண்டு பக்கத்தையும் அடித்தார். அன்று மாலை மன்றத்தில் உண்மைவிளம்பி-2, “உண்மை வென்றது” என்று எழுத, ஐம்பத்தாறு பேர் வாழ்த்தினார்கள். ஜெரோம் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மாடிப்படியில் ஒட்டினார்.

விழாவில், அடித்த பன்னிரண்டு பக்கத்தையும் அவர் மனப்பாடமாகச் சொன்னதால், பேச்சு ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது.