ஒரு கை நிலவாகை

தன்னைவிடக் கெட்டிக்காரன் தூத்துக்குடியில் இல்லை என்று தாணுலிங்கம் நம்பியது இரண்டே வருஷம்தான். சரக்கு ஏற்ற வண்டிக்கூலி மிச்சம் என்று, ரயில் எஞ்சின்களுக்குக் கரி போடும் கொட்டடிக்குப் பக்கத்திலேயே நிலம் பிடித்து, பேதிக்குக் கொடுக்கும் நிலவாகையைப் பயிர் பண்ணினார். உலகச் சண்டை முடிந்து சீமைக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய நேரம். நாற்பத்திரண்டு சிப்பம் கட்டி முடித்தபோது, ஏற்றுமதிக் கம்பெனிக்கு இலை பார்க்கும் ஜெபசிங் ஒரு இலையைக் கசக்கிக் கையை விரித்தார். கை கறுத்திருந்தது.

"புகை குடிச்ச இலை அண்ணாச்சி. சத்து செத்திருக்கும். ஏத்த முடியாது."

"செத்திருக்கா? நாளைக்கு உம்ம கண்ணு முன்னால நானே குடிச்சுக் காட்டுதேன்."

விடிந்ததும் ஜெபசிங் வந்தார். ஒரு செம்புத் தண்ணீருக்கு ஒரு கை இலை என்று பேச்சு. அளந்து பானையில் போட்டாயிற்று. அப்புறம்தான் தாணுலிங்கத்துக்குப் பயம் பிடித்தது. நிஜமாகவே செத்திருந்தால்? ஜெபசிங் வெற்றிலையைத் துப்ப வெளியே போன நேரம், புடைக்கும் சுளகில் காய்ந்து கிடந்த இலையில் இன்னொரு கை அள்ளிப் போட்டார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, ஜெபசிங் திரும்பி வந்ததும் அவர் பார்க்கக் குடித்தார்.

மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை கொல்லைக்கு ஓடியாயிற்று.

"இந்தாரும்," என்றாள் மனைவி பகவதி, "செம்பை அங்கனயே வச்சிட்டு வாரும். எதுக்குத் தூக்கிட்டு அலையுதீரு?"

சாயங்காலம் ஜெபசிங் திரும்பி வந்தபோது தாணுலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் மட்டும் வெற்றி.

"பாத்தீரா சத்தை!"

"ஒரு கைக்கா இந்தப் பாடு? இது மருந்தில்ல அண்ணாச்சி, கொலை. எவனாவது செத்தா யாரு பதில் சொல்லுதது? ஒரு சிப்பமும் ஏறாது."

இப்படியும் தோற்க முடியும் என்று தாணுலிங்கம் நினைக்கவே இல்லை. உண்மையைச் சொன்னாலாவது சரக்கு பிழைக்கும்.

"ரெண்டு கை வே. நீரு துப்பப் போனப்போ சுளகுலேருந்து இன்னொண்ணு போட்டேன். களவாணித்தனந்தான்."

"சுளகுலேருந்தா?" பகவதி உள்ளேயிருந்து வந்தாள். "அது நான் பொடி இடிக்கக் காயவச்ச கறிவேப்பிலைல்லா! காலையிலேருந்து தேடுதேன்."

ஜெபசிங் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அப்போ ஒரு கைதான். நானும் தப்பாத்தான் சொல்லியிருக்கேன். புகை சத்தைக் கொல்லல, ஏத்தி விட்டிருக்கு."

தாணுலிங்கத்துக்குள் இருந்த வியாபாரிக்கு உடனே உயிர் வந்தது. "அப்போ பாதி இலை போதும்னு சீட்டு எழுதி ஒட்டிருவோமே!"

"கொட்டடியை ஒட்டி நின்ன செடி ஒரு மாதிரி இருக்கும், தள்ளி நின்னது வேற மாதிரி. எந்தச் சிப்பம் எம்புட்டு வேலை செய்யும்னு யாரு கண்டா? ஒவ்வொண்ணா குடிச்சுப் பாத்துச் சொல்லுவீங்களா?"

தாணுலிங்கம் நாற்பத்திரண்டு சிப்பத்தையும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"ஏளா," என்றார் பகவதியிடம், "வண்டிக்காரன் காசிலிங்கத்தை வரச் சொல்லு. எல்லாம் உரக்குழிக்குப் போகட்டும்."