அமீர் நிஷாவை நீக்கச் சொன்ன படிவம்

தேர்தல் நெருங்கினால் அங்கன்வாடி டீச்சருக்குப் பிள்ளைகள் போதாதென்று ஊரும் சேர்ந்து தலையில் விழும். எங்கள் வாக்குச்சாவடிக்கு நான்தான் வாக்காளர் பட்டியல் பார்க்கிறேன். ஆபீசிலிருந்து வந்த நீக்கல் மனுக்களைப் புரட்டியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமீர் நிஷா, காரணம் இறப்பு என்றிருந்தது. போன வாரம்தான் ஜன்னல் வழியாக என்னிடம் நலம் விசாரித்தார். இறந்தது அவர் கணவர் தாவூது. மனு கொடுத்திருந்தவர் தாவூதின் தம்பி நஸ்ருதீன்.

நாளைக்குள் என் அறிக்கை போகாவிட்டால் அமீர் நிஷா பெயர் போய்விடும். தேர்தலுக்குள் திரும்பச் சேர்ப்பது லேசில்லை. "அந்தம்மாவையே நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. எப்படி வருவார்? அவர் இத்தாவில் இருந்தார். கணவர் போனபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கமாட்டார்.

வண்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். நஸ்ருதீன் வாசலில் நின்றார்.

"படிச்சவர்தானே நீங்க? உசுரோட இருக்குறவங்களை இப்படியா எழுதிக் குடுப்பீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ்! அண்ணன் பேருக்குத்தாங்க டீச்சர் குடுத்தேன். மச்சி உள்ளேருந்து ஓட்டு கார்டு நம்பரைச் சொன்னாங்க, நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு எழுதினேன். கார்டைக் கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

பெயர் அண்ணனுடையது, நம்பர் மச்சியுடையது, அதாவது அண்ணியுடையது. கம்ப்யூட்டர் நம்பரை மட்டும் பார்த்திருக்கிறது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அமீர் நிஷா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க்கா நம்பரை மாத்திச் சொன்னீங்க?"

"அவுங்க கார்டைத்தான் கையில வச்சிருந்தேன் டீச்சர். எதுக்கு நம்பருன்னு கேட்டேன். பேரை எடுக்கன்னு தம்பி சொன்னாரு. வாசிக்க வாய் வரல. என் நம்பரு எனக்கு மனப்பாடம், அதைச் சொல்லிட்டேன்."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நேரில் பார்த்தேன், உயிரோடு இருக்கிறார் என்று அறிக்கையில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

"உங்க பேரு இருக்கும்க்கா, பயப்படாதீங்க. ஆனா உங்க வீட்டுக்காரருக்குப் புதுசா ஒரு படிவம் குடுக்கணும். தம்பிகிட்டயே எழுதி வாங்கிக்கிறேன்."

"வேணாம். எங்கிட்ட குடுங்க."

தாவூது என்று எழுதினார். கார்டைப் பார்த்துப் பார்த்து நம்பரை எழுதினார். காரணம் கேட்ட இடத்தில், இறப்பு என்ற கட்டத்தின் மேல் பேனா நின்றது.

"இந்தக் கட்டத்துல டிக் போடணுமா?"

"ஆமாங்க்கா."

போட்டார். படிவத்தை என் கையில் தந்தார்.

"நாப்பது நாளா எல்லாரும் சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க டீச்சர். நான் இப்பத்தான் சொல்றேன்."