ஈரத்துணி காயும் கம்ப்யூட்டர் அறை

"ஊழியர்கள் அவரவர் வசதிப்படி, அவரவர் வேகத்தில் கற்றுக்கொள்ளலாம்" என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. அதை எழுதிய மகராசன் சாரல் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

எண்பத்தெட்டாம் வருஷம். பல்கலைக்கழகத்தின் தபால்வழிக் கல்வி மையம் மேலகரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழி. நான் அங்கே டைப்பிஸ்ட். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் மையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஒரு பிரிண்டரும், ஒரு புத்தகமும், பாடங்கள் அடங்கிய ஒரு பிளாப்பியும். வாத்தியார் கிடையாது. நாமே உட்கார்ந்து பன்னிரண்டு பாடம் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் எந்திரமே கேள்வி கேட்டு, மார்க் போட்டு, பிளாப்பியில் பதிந்துகொள்ளும். ஜூன் முதல் தேதி தொடங்கி ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் முடித்தால் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று நிரந்தர வேலை. முடிக்காவிட்டால் டைப்பிஸ்ட் என்ற பணியிடமே இனி இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

மூன்று மாதம் எனக்குத் தாராளம். கீபோர்டும் டைப்ரைட்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜூன் முதல் வாரத்திலேயே இரண்டு பாடத்தை முடித்துவிட்டேன். அப்புறம் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

சாரல் தொடங்கினால் தலைமை அலுவலகத்து அதிகாரிகளுக்கு எங்கள் மையத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிடும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள், பெண்டாட்டி பிள்ளை, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் சகிதம் 'ஆய்வு'க்கு வருவார்கள். காலையில் மெயின் அருவி, மத்தியானம் ஐந்தருவி, நடுவில் ஆய்வு. முன்பெல்லாம் அவர்களுடைய ஈரத்துணி எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. சாரலில் துணி இரண்டு நாளானாலும் காயாது, ஈரத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான், ஏ.சி. அறையில் துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று. மையத்தில் ஏ.சி. இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறை.

செருப்பைக் கழற்றிவிட்டு, கை துடைத்துவிட்டுத்தான் நாங்கள் அதற்குள் போக வேண்டும். அப்படிப்பட்ட அறையில் குறுக்கே கொடி கட்டினார்கள். ஜன்னல் கம்பியில் துண்டு, நாற்காலியில் பாவாடை, மானிட்டர் தலையில் யாருடையதோ ஜட்டி. கீபோர்டில் எண்ணெய்ப் பிசுக்கு. பாடப் புத்தகத்தின் மேல் மங்குஸ்தான் பழத்தோல். நான் கதவைத் தட்டினால், உள்ளே பெண்பிள்ளைகள் துணி மாற்றுகிறார்கள் என்று பதில் வரும்.

சூப்பிரண்டு வல்லிநாயகம் அண்ணாச்சியிடம் பதினேழு தடவை முறையிட்டேன். எண்ணித்தான் சொல்கிறேன். நல்ல மனிதர், ஆனால் அதிகாரி என்றால் நிழலுக்கும் எழுந்து நிற்பார். விருந்தாளிகள் அருவிக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் படித்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் அருவிக்குப் போனால் சாவியையும் கூடவே கொண்டுபோனார்கள். உள்ளே நகை இருக்கிறதாம். கிடைத்த அரைமணி கால்மணியில் ஒட்டுப்போட்டு, முதல் இரண்டையும் சேர்த்து ஏழு பாடம் முடித்தேன். ஐந்து பாக்கி.

ஆகஸ்ட் இருபத்தேழு, சனிக்கிழமை. துணைப் பதிவாளர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஒன்பது பேர். புதன்கிழமை வரை தங்கல். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தவரே அவர்தான். புதனோடு என் கெடு முடிகிறது.

நான் கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டு போனேன். ஜமுக்காளம் விரித்து இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மானிட்டர் மேல் கிடந்த ஈர வேட்டியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தேன். தலை துவட்டிக்கொண்டிருந்த துணைப் பதிவாளர் என்ன வேண்டும் என்று கேட்டார். படிக்க வேண்டும் என்றேன். பின்னாலேயே ஓடிவந்த அண்ணாச்சி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறைதான்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட துணைப் பதிவாளர் கோபப்படவில்லை. பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"இதுக்குப் போயா இவ்வளவு பதற்றம்? உனக்கு ஒரு மாசம் தேதி நீட்டிச்சுத் தர்றேன். போதுமா?"

அண்ணாச்சி முகம் மலர்ந்து, சாருக்கு நன்றி சொல்லும்படி கண்ணைக் காட்டினார். பிடுங்கி வைத்திருப்பதும் இவர், பிச்சை போடுவதும் இவர்.

"தேதியக் கூட்டித் தர வேண்டாம் சார். ரூமைத் தாங்க. செப்டம்பர்லயும் அருவியில தண்ணி விழும்."

அவர் மனைவிதான் முதலில் எழுந்தார். இது விருந்தினர் அறை என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் தங்களைக் கூட்டிவந்தார் என்று என்னிடம் சொன்னார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். அரைமணியில் அறை காலியாயிற்று. அன்றே அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இருட்டுவதற்குள் எட்டாவது, ஒன்பதாவது பாடங்களை முடித்தேன்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அண்ணாச்சி கையாலேயே எழுதியிருந்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்திரு ஆவுடை. நிரந்தரம் ஆகப்போற நேரத்துல ஏன் வம்ப வெலைக்கு வாங்குத?"

யோசிக்காமல் இல்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் பத்து, பதினொன்று என்று பாடங்களை முடித்தேன். பன்னிரண்டாவது பாடம், கடிதம் தயாரித்து அச்சடிப்பது. புதன்கிழமை மத்தியானம் அதற்கு வந்து சேர்ந்தேன். மாதிரிக் கடிதம் ஒன்றைப் புத்தகத்திலேயே கொடுத்திருந்தார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லி மார்க் வாங்கினேன். அச்சடித்துப் பார்க்க மட்டும் அதை அடிக்கவில்லை.

மாலை நாலரைக்கு அண்ணாச்சி மேஜையில் தாளை வைத்தேன். பிரிண்டர் தாளின் ஓரத்துத் துளைகளைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பினார்.

"எந்தக் கடையில அடிச்சே? இவ்வளவு அழகா இருக்கே."

"உள்ள இருக்குத மிஷின்லதான் அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பல்கலைக்கழகம் கொடுத்த பயிற்சி அறையில், பல்கலைக்கழகம் சொன்ன பாடத்தை, பல்கலைக்கழகம் வைத்த தேதிக்குள் படித்து முடித்திருக்கிறேன். பன்னிரண்டு பாடத்துக்கும் மார்க் பிளாப்பியில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியது நானல்ல. இவ்வளவுதான் கடிதம். அண்ணாச்சி படித்து முடித்தார். பிறகு, கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஒன்று அடிக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன். இப்போது எனக்கு அது தெரியும். ஆனால் அடிக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.