அரைமணி நேரம் பின்தங்கிய காப்பிக்கடைக்காரன்

1982 பிறந்தபோது சிங்கப்பூரின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். தீவிலிருந்த அத்தனை பேரும் ஒழுங்காக முன்னே போய்விட்டார்கள். தோ பாயோ வட்டாரத்துக் காப்பிக்கடைக்காரன் தியோ கிம் சுவீ மட்டும் போகவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தானாம், கொதித்ததும் வருகிறேன் என்றானாம். அதற்குள் நேரம் போய்விட்டது. அன்று முதல் உலகத்தில் நடப்பதெல்லாம் அவனுக்கு அரைமணி கழித்துத்தான் நடந்தது.

அவன் மனைவி குவெக் பீ சூவுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. பேருந்து முனையத்தில் நேரம் பார்த்து வண்டிகளை அனுப்புவது அவள் வேலை. பிறந்ததே மருத்துவர் சொன்ன நிமிடத்தில்தான் என்று பீற்றிக்கொள்பவள். கல்யாணமாகி மூன்றே மாதம். ஆறு மணிக்குத் திட்டினால் ஆறரைக்குப் பதில் வரும். அதற்குள் அவள் கோபம் தணிந்து மீன் கழுவிக்கொண்டிருப்பாள். பதிலைக் கேட்டதும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் முழங்காலில் சுத்தியால் தட்டினார், ஒன்றும் ஆகவில்லை. அரைமணி கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கால் உதறி, முன்னால் நின்ற ஒருவரின் மார்க்கெட் பையை ஓடுகிற வண்டியின் கூரைமேல் அனுப்பியது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஏழரைக்குக் காப்பி வேண்டியவர்கள் ஏழுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். 1987இல் ரயில் வந்தது; கிம் சுவீ இறங்க வேண்டிய நிலையத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை. 1992இல் சூயிங்கம் விற்பனையை நிறுத்தியபோது கடைசிப் பொட்டலத்தை வாங்கியவன் அவன்தான். அவன் நேரப்படி அரைமணி பாக்கி இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. 2015இல், தேசத்தின் ஐம்பதாவது பிறந்தநாளில் விமானங்கள் பறந்து போய், கூட்டம் கலைந்து, கொடிகளைச் சுருட்டிய பிறகு, காலி வானத்தைப் பார்த்து அவன் ஒருவன் மட்டும் கைதட்டிக் குதித்தான்.

"பாவம் அக்கா, எவ்வளவு சந்தோஷமா இருக்காரு பாருங்க!" என்றாள் பக்கத்து வீட்டு நோர்மா.

"உனக்கென்ன லா, உன் புருஷன் உன்கூடச் சேர்ந்து சிரிக்கிறான்" என்றாள் பீ சூ. சொல்லிவிட்டு அழுதாள். அதுதான் அவள் குறை. முப்பத்து மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவர்கள் ஒரே நேரத்தில் சிரித்ததில்லை. தொலைக்காட்சியில் கோமாளி விழுந்தால் அவள் தனியாகச் சிரிப்பாள். செய்தி ஓடும்போது அவன் தனியாகச் சிரிப்பான்.

"நீங்கதான் அவர்கிட்ட போகணும்" என்றாள் நோர்மா.

"நானா? லேட்டாவா? செத்தாலும் மாட்டேன்!"

2020 ஏப்ரலில் நோய்க்காக ஊரையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். காப்பிக்கடையில் நாற்காலிகளைக் கட்டிப்போட்டார்கள். பீ சூ ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும் நாலரைக்கு எழுந்து, தலை வாரி, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் காலை, அரைமணிக்கு முன்பு அவள் தும்மியதற்குக் கிம் சுவீ "உடம்பைப் பாத்துக்கோ" என்றான். அவளுக்கு என்னமோ போலாகிவிட்டது. முக்காலியைப் போட்டு ஏறினாள். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்தாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தாமதமாகப் போகிறாள். கண்ணை மூடிக்கொண்டு முள்ளை அரைமணி பின்னே தள்ளினாள்.

"அட, நீ எப்ப வந்த?" என்றான் கிம் சுவீ.

"இப்பத்தான். ஏன்யா, இத்தனை வருஷமா நான் திட்டினதெல்லாம் உனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. ஆனா அது என்கிட்ட வர்றதுக்குள்ள நீ மீன் கழுவிட்டிருப்ப. பின்னால நின்னு உன் முதுகைப் பாத்துட்டே திட்டு வாங்குவேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதே நொடியில். சந்தோஷத்தில் பீ சூவுக்குத் தலை சுற்றி, முக்காலியிலிருந்து அவன்மேலேயே விழுந்தாள்; அதற்கும் சேர்ந்து சிரித்தார்கள். சத்தம் அரைமணி கழித்துப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

ஜூனில் கதவுகளைத் திறந்தார்கள். பீ சூ முள்ளை முன்னே தள்ளவில்லை. இப்போது தன் வீட்டில் விருந்தென்றால் நோர்மா இருவருக்கும் சேர்த்தே அரைமணி முன்னதாகச் சொல்லிவிடுகிறாள்.