இரண்டு சொட்டுத் தைலம்

குவைத்திலிருந்து வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று மணவாளக்குறிச்சியில் ஒரு நினைப்பு உண்டு. ஆன்றோவுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு ஏசி போட்டான். மார்கழிப் பனிக்காலத்தில் அந்த அறை வறண்டதில் கைக்குழந்தை டெனிஷுக்கு மூக்குக் காய்ந்து அடைத்தது. காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்க உடனே தக்கலைக்குப் போனான்.

கடைக்காரப் பெண் வாய் அகன்ற ஒன்றைக் காட்டினாள். உள்ளே கைவிட்டுத் தினமும் கழுவலாம், கொதித்து ஆறிய தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது என்றாள். தான் பார்க்காத மிஷினா என்று சிரித்துவிட்டு, நீல வெளிச்சம் எரிகிற குறுகிய வாய்க்காரனை ஆன்றோ எடுத்துவந்தான். அதில் இரண்டு சொட்டு கல்ஃப் தைலமும் விட்டான். தலைவலியோ வயிற்றுவலியோ, கல்ஃப்காரன் வீட்டில் அந்தக் குப்பிதானே வைத்தியர்.

வாரம் திரும்புவதற்குள் குழந்தைக்கு இருமலும் இழுப்பும் வந்தன. பழிபோட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மனைவி ஜின்சியின் அப்பா ததேயுஸ், கடலிலிருந்து கரையேறியதும் நேரே பேரனைப் பார்க்க வருகிறவர்.

"மாமா, மீன் நாத்தத்தோட பிள்ளையத் தூக்காண்டாம். அதுலதான் இழுப்பு வருது."

ஜின்சியின் முன்னாலேயே சொன்னான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு வரவில்லை. இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, குழந்தை படுக்கும் அறையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். ஜின்சி எல்லாவற்றையும் சொன்னாள். தைலத்தைச் சொன்னாள். கை நுழையாததால் கழுவாமல் மிஷினின் உட்புறம் வழுவழுத்துக் கிடப்பதையும் சொன்னாள். அந்த ஆவியைத்தான் பிள்ளை இத்தனை நாளும் சுவாசித்திருக்கிறது, முதலில் அதை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். ஆன்றோவுக்குக் காது மடல் சுட்டது. ஜின்சி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வெளியே வராந்தாவின் கடைசியில் ததேயுஸ் நின்றிருந்தார். மகள் போனில் சொல்லி வந்திருக்கிறார். துவைத்த வெள்ளைச் சட்டை, ஈரம் காயாத தலை. குழந்தையைக் கண்டதும் ஓரடி முன்னால் வந்தவர், ஆன்றோவைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"நான் குளிச்சிட்டுதான் வந்தேன், மக்கா. இங்கேருந்தே பாத்துட்டுப் போறேன்."

ஆன்றோ வெட்கிப்போனான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு எனக்க பக்கம்தான், மாமா," என்று ஒருவழியாகச் சொல்லிக் குழந்தையை நீட்டினான்.

ததேயுஸ் உடனே வாங்கவில்லை. இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகுதான் வாங்கினார்.