பட்டினி போட்ட தொட்டி

எங்க சமோவாக்காரங்களுக்கு எதை வேணும்னாலும் கத்துக்குடுத்துடலாம். எதிர்ல இருக்கறவங்க வயித்துல சாப்பாட்டைத் திணிக்காம இருக்க மட்டும் கத்துக்குடுக்கவே முடியாது. எங்க பல்கலைக்கழகத்துச் சாண எரிவாயுத் தொட்டி படுத்துக்கிட்டதுக்கு அதுதான் காரணம். வெள்ளை ஞாயிறுன்னு நாங்க கொண்டாடற குழந்தைங்க திருநாள் விருந்துல மிஞ்சின சேப்பங்கிழங்கு, பன்றிக் கொழுப்பு, தேங்காய்ப்பால் எல்லாத்தையும் முறை வேலைக்கு வந்த பசங்க வாளி வாளியா உள்ளே கொட்டியிருக்காங்க. மறுநாள் சமையலறையில தொட்டி வாயுல எரியற அடுப்புல தீ இல்லை. தொட்டிகிட்ட போனா புளிச்ச நாத்தம் மூக்கைத் துளைக்குது.

"ஊரே விருந்து சாப்பிடுது, அதுக்கு மட்டும் வெறும் சாணியா? பாவமா இருந்துச்சு, புவாட்டினோ" என்றான் சொலோஃபா என்கிட்ட. என் வகுப்புதான். அன்னைக்குக் கொட்டின கூட்டத்துக்குத் தலைவன்.

"வாயில நல்லா வந்துரும் எனக்கு! அது என்ன உன் மாமனாரா, உக்கார வெச்சு உபசாரம் பண்ண?"

விஷயம் வளாக மேலாளர் இயாகோபோ காதுக்குப் போச்சு. தொட்டியை வாரா வாரம் ஊட்டி, கிளறி, குழாய் பாத்து நடத்தறது நாங்க மாணவர்கள்தான். அது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கலை.

"பிள்ளைங்ககிட்ட விட்டா இப்படித்தான். பட்டமளிப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை மண் லாரி வருது. அதுக்குள்ள தீ எரியணும். இல்லன்னா மூடிட்டு, விருந்தாளிங்க கார் நிறுத்த இடம் பண்ணிடுவேன்."

பிள்ளைங்களாம்! எனக்குச் சுருக்குன்னு தச்சுது. எரிய வெச்சுக் காட்டறேன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு வந்தேன்.

வைத்தியம் ஒண்ணும் பெரிசில்லை. தொட்டியைப் பட்டினி போடணும். சாணியை வாயுவா மாத்தற கிருமிங்க உள்ளே புளிப்புல செத்துட்டிருக்கு. சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் கரைச்சு ஊத்தி, மாட்டுக் கொட்டில்லேர்ந்து புதுச் சாணி கொஞ்சமே கொஞ்சம் விட்டு, பொறுமையா இருக்கணும். அந்தப் பொறுமைதான் இங்க ஒருத்தருக்கும் கிடையாது. வகுப்புக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள யாராவது ஒருத்தர் கையில வாளியோட நிப்பாங்க. நான் மூடிக்குப் பூட்டுப் போட்டு, அது மேலயே உக்காந்து பாடம் படிச்சேன்.

கடைசியில சமையலறைத் தலைவி எட்டெவிசே அக்காவே சூப் வாளியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க.

"எழுந்திருடீ. பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா? உங்கம்மா உன்னை இப்படியா வளத்தாங்க?"

"அக்கா, அதுக்கு அஜீரணம். இன்னும் ஊட்டினா செத்துரும்."

"என் சமையலைச் சாப்பிட்டு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அஜீரணம் வந்ததில்லை, தெரியுமா?"

"மனுஷங்களுக்கு வராது அக்கா. இது தொட்டி."

ஒரு வாரம் என்கூடப் பேசலை. என் தட்டுல மட்டும் கிழங்கைக் கொறைச்சு வெச்சாங்க. வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

சொலோஃபா மட்டும் தினமும் வந்தான். நான் திட்டத் திட்ட மூங்கிலால கிளறினான். சோதனைத் தாளை நனைச்சுப் பாத்தா சிவப்பு, மறுபடி சிவப்பு; புளிப்பு இறங்கவே இல்லை. அப்புறம் காத்து வந்தது, ஆனா எரியலை. தீக்குச்சியைக் காட்டினா அணைஞ்சுது. நான் மாட்டுக் கொட்டில் பின்னாடி போய் அழுதேன். அழுதுட்டு அடுத்த வாளி சாணி கரைச்சேன்.

வெள்ளிக்கிழமை காலையில லாரி வந்து நின்னுது. பின்னாலேயே இயாகோபோவும் வந்தாரு. நான் சமையலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்து குச்சியைக் கிழிச்சேன். நீலமா, விரலளவு, பிடிச்சுக்கிச்சு. அணையலை.

"ஐயோ, எரியுதுடீ!" என்று கத்தினான் சொலோஃபா.

இயாகோபோ குனிஞ்சு பாத்தாரு. "இதுவா தீ? இதுல என்ன வேகும்? லாரிக்காரனைக் கொட்டச் சொல்றேன்."

அவர் சொன்னதுல தப்பே இல்லை. அது அத்தனை சின்னத் தீ.

அப்ப எட்டெவிசே அக்கா எங்க நடுவுல புகுந்தாங்க. மத்த அடுப்புக்கெல்லாம் போற சிலிண்டரை மூடினாங்க. பெரிய பானையில கிழங்கைப் போட்டு, அந்த விரலளவு தீ மேல ஏத்தினாங்க.

"இன்னைக்கு மதியச் சாப்பாடு இதுலதான். வெந்தா எல்லாருக்கும் உண்டு. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடையாது. உக்காருங்க ஐயா."

வளாகமே வாயைப் பொளந்துச்சு. வந்தவங்களைக் காக்க வைக்கறதைவிட எங்க ஊர்ல கேவலம் இல்லை. அந்தக் கேவலத்தை அக்கா தன் தலை மேல போட்டுக்கிட்டாங்க. பசங்க தட்டைத் தட்டினாங்க, வாத்தியாருங்க முணுமுணுத்தாங்க, லாரிக்காரன் வண்டியிலயே தூங்கிட்டான். அக்கா அசையலை. மதியம் போய், சாயங்காலமும் வந்துடுச்சு. தீயும் அசையலை.

கிழங்கு வெந்துச்சு. இயாகோபோ ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. கையைக் கழுவிட்டு என்னைப் பாக்காமலே லாரியைத் திருப்பி அனுப்பினாரு.

நான் அக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன். அவங்க இடுப்புத் துணியில முகத்தைத் துடைச்சுக்கிட்டு, கட்டளை கேக்கற மாதிரி என் முன்னாடி நின்னாங்க.

"நாளைக்கு அதுக்கு எவ்வளவு போடணும்? நீ சொல்லு."